சேர்த்துக்கொண்டால் போதுமா?

ஜூன் மாதத்தில் பாடசாலைகள் திறக்கும்போது நமது ஜில்லாவின் கிராமங்கள்தோறும் ஒரு கேள்வி எழுகிறது. ஐந்தாவது முடித்த பிள்ளையை ஆறாவதில் எங்கே சேர்ப்பது, எட்டாவது முடித்த பிள்ளையை ஒன்பதாவதில் எங்கே சேர்ப்பது என்பதே அக்கேள்வி. மற்றப் பெற்றோருக்கு இது பள்ளிச் சம்பளத்தையும் பஸ் வசதியையும் பொறுத்த விஷயம். காது கேளாத, கண் தெரியாத, கால் நடவாத, அல்லது எழுத்துக் கூட்டி வாசிக்க வராத குழந்தையைப் பெற்றவர்களுக்கோ, அக்குழந்தையின் ஆயுள் முழுவதும் இதையே பொறுத்திருக்கிறது. ஆயினும் நமது மேடைகளிலும் மகாநாட்டுத் தீர்மானங்களிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பது அரிதாயிருக்கிறது. அந்தந்தக் குடும்பத்தின் தலைவிதியென்று ஊரார் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். பெற்றோரும் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். இந்த மௌனம் கலையவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

ஆமத்தூரை எடுத்துக்கொள்வோம். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, வானம் பார்த்த கரிசல் பூமியில் இருக்கும் ஊர் அது. மழை பொய்த்தால் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலுமே சுற்று வட்டாரத்தாருக்குச் சோறு போடுகின்றன. இத்தகைய ஊரில் பாடசாலையை விட்டு நின்ற பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. முன்னாளில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியுமுன் வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றதை இன்றைய பெரியவர்கள் அறிவார்கள். 1986-ம் வருஷத்துச் சட்டமும், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றிய வழக்கில் 1996-ம் வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பும், பல தொண்டர்களின் உழைப்பும் சேர்ந்து அந்நிலையைப் பெரிதும் மாற்றின. 2016-ம் வருஷத் திருத்தத்தின்படி வெடிமருந்து சம்பந்தமான வேலையில் 18 வயதுக்கு உட்பட்ட எவரையும் வைத்தல் குற்றம். ஆயினும் படிப்பு வராது என்று கைவிடப்பட்ட பிள்ளையின் கை காகிதக் குழாய் சுற்றும் வேலையை நோக்கித்தான் முதலில் போகும். காது கேளாத பிள்ளை வளர்ந்து மருந்தறைக்கு வேலைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஆபத்துக் காலத்தில் "ஓடு, ஓடு" என்று பக்கத்து அறையார் போடும் கூக்குரல் அவன் செவியில் விழுமா? ஆகையால், பாடசாலைத் தேர்வு என்பது நமது பிரதேசத்தில் உயிரைப் பற்றிய விஷயமாகவும் இருக்கிறது.

சட்டம் சொல்வது

மாற்றுத்திறனாளிகளுக்கென 1995-ம் வருஷம் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிற்று. 2007-ம் வருஷம் இந்தியா ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை ஏற்றது. அதன் பயனாக 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்து, 2017-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமலுக்கு வந்தது. அதில் 21 வகைக் குறைபாடுகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பார்வை, செவி, கைகால் ஆகியவற்றோடு அறிவு வளர்ச்சிக் குறைவும், ஆட்டிசமும், எழுதப் படிக்க வராத கற்றல் குறைபாடும் அவற்றில் அடங்கும்.

பெற்றோர் மனப்பாடமாக அறிந்திருக்கவேண்டியது அச்சட்டத்தின் 31-வது பிரிவு. குறைபாடு 40 சதவீதத்திற்குக் குறையாத குழந்தை ஒவ்வொன்றும் 6 வயது முதல் 18 வயது வரை, அருகாமைப் பாடசாலையிலோ விசேஷப் பாடசாலையிலோ, தன் விருப்பப்படி இலவசக் கல்வி பெற உரிமை உடையது என்று அது கூறுகிறது. இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, வயது. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் உரிமை பொதுவாக 14 வயதோடு, அதாவது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கோ அது 18 வரை செல்கிறது. ஹைஸ்கூல் படிப்பு அக்குழந்தைக்குச் சலுகையாக வருவதன்று, உரிமையாக வருவது. இரண்டாவது, விருப்பம். அருகாமைப் பாடசாலையா, விசேஷப் பாடசாலையா என்பதைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் குழந்தையினுடையது. அதன் பொருட்டுப் பெற்றோருடையது. "உங்கள் பிள்ளை இங்கே படிக்க லாயக்கில்லை, விசேஷப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லும் அதிகாரம் தலைமை உபாத்தியாயர் எவருக்கும் கொடுக்கப்படவில்லை. கடுமையான குறைபாடுடைய குழந்தைக்கு வீட்டிலேயே கற்பிக்கும் ஏற்பாடு 2012-ம் வருஷத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. அதுவும் பெற்றோர் கேட்டுப் பெறவேண்டியதே தவிர, தொந்தரவு ஒழிந்ததென்று பாடசாலையார் தள்ளிவிடுவதற்கான வழியன்று.

சட்டம் கற்றவர்கள் அதன் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சர்க்கார் அங்கீகாரம் பெற்ற எல்லாப் பாடசாலைகளிலும், தனியார் பாடசாலைகள் உட்பட, பேதமின்றிச் சேர்த்தல், கட்டிட வசதி, வாகன வசதி முதலியவற்றைப் பற்றிப் பேசும் 16-வது பிரிவில், சர்க்கார் இவற்றிற்காக "முயல வேண்டும்" என்ற சொல்தான் இருக்கிறது. 31-வது பிரிவு உரிமை என்கிறது. 16-வது பிரிவு முயற்சி என்கிறது. இவ்விரண்டு சொற்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நமது கிராமத்துக் குழந்தைகள் விழுந்துபோகிறார்கள். கதவு திறந்திருக்கிறது, உள்ளே நாற்காலி இல்லை.

சதவீத மோகம்

இனி நமது ஜில்லாவின் பெருமையைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கார் பரீட்சைத் தேர்ச்சியில் விருதுநகர் ஜில்லா நெடுங்காலமாக முன்னணியில் நிற்பது யாவரும் அறிந்ததே. 2017, 2018 ஆகிய வருஷங்களில் பன்னிரண்டாம் வகுப்பில் ராஜ்யத்திலேயே முதலிடம் நமக்குக் கிடைத்தது. வறண்ட பூமியில் பிறந்து, நெருப்புத் தொழிலில் வளர்ந்த ஜனங்கள் கல்வியில் முதலிடம் பெற்றது சாமானிய விஷயமன்று. அப்பெருமையை நாம் எவருக்கும் விட்டுக்கொடோம்.

ஆனால், அந்தச் சதவீதம் எவர்களை எண்ணிக் கணக்கிடப்படுகிறது? பரீட்சை எழுத உட்கார்ந்தவர்களை மாத்திரமே. ஒன்பதாவதில் "இவன் தேறமாட்டான், சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போங்கள்" என்று வழியனுப்பப்பட்டவனை அக்கணக்கில் காண முடியாது. பாடசாலையின் பெயர் நூற்றுக்கு நூறு என்று விளம்பரப் பலகையில் ஏறுவதற்காக மெதுவாய்க் கற்கும் பிள்ளை வெளியேற்றப்படுமாயின், அந்த நூற்றில் அப்பிள்ளையின் கண்ணீரும் ஒரு பங்கு அல்லவா? எந்தப் பாடசாலையையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டுவது நமது நோக்கமன்று. தேர்ச்சிச் சதவீதத்தை வெளியிடும் சர்க்கார், ஆறாம் வகுப்பில் சேர்ந்த மாற்றுத்திறன் குழந்தைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புப் பரீட்சை மண்டபம் வரை வந்தார்கள் என்பதையும் பாடசாலைவாரியாக வெளியிடட்டும். உண்மையான முதலிடம் எதுவென்று அப்போது தெரியும்.

எந்தக் குழந்தைக்கு எந்தப் பாடசாலை?

பெற்றோருக்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் ஒரே பாடசாலை என்பது கிடையாது. ஆதலால் முதலில் குழந்தையைப் பார்க்கவேண்டும். பாடசாலையை அதன் பிறகே பார்க்கவேண்டும்.

கைகால் குறைபாடு மட்டும் உள்ள குழந்தைக்கு அருகாமைப் பாடசாலையே உத்தமம். அதன் அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு வேண்டியவை சாய்தளமும், கீழ்த்தளத்தில் வகுப்பும், உபயோகிக்கத்தக்க கழிப்பறையும், வந்துபோக வாகனமுமே. பத்தாம் வகுப்பு மாடியில் நடப்பதால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்பதென்றால், வகுப்பைக் கீழே இறக்கவேண்டுமேயன்றிப் பிள்ளையை வெளியே இறக்கலாகாது.

காது கேளாத குழந்தையின் விஷயம் வேறு. அதற்கு முதலில் வேண்டியது பாஷை. சைகை பாஷையோ, கருவியின் உதவியால் பேச்சோ, ஏதேனுமொரு பாஷை வாய்க்காமல் நாற்பது பேர் உள்ள வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது படிப்பாகாது. அத்தகைய குழந்தைக்குத் தன்னைப் போன்ற தோழர்களும், சைகை அறிந்த உபாத்தியாயர்களும் உள்ள விசேஷப் பாடசாலை நலமாகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே காது கேளாதோருக்கும் கண் தெரியாதோருக்கும் பாளையங்கோட்டையில் பாடசாலைகள் தோன்றின. ஆனால் ஆமத்தூரிலிருந்து பாளையங்கோட்டை சுமார் நூறு கிலோமீட்டர். குழந்தை விடுதியில் தங்கவேண்டும், தாயைப் பிரியவேண்டும். அந்தப் பிரிவின் விலையையும், கடைசிப் பெஞ்சின் விலையையும் தராசில் வைத்துப் பார்ப்பது பெற்றோரின் பொறுப்பு. எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் அவர்களைக் குறைகூற ஊராருக்கு உரிமையில்லை.

பார்வை அறவே இல்லாத குழந்தை பிரெயில் எழுத்தையும் கோலூன்றித் தனியே நடப்பதையும் இளமையில் விசேஷப் பாடசாலையில் கற்று, பின்னர் பொதுப் பாடசாலையில் மற்றவர்களோடு சேர்வது நல்ல வழி. சிறிது பார்வை உள்ள குழந்தைக்கோ பெரிய எழுத்துப் புஸ்தகமும் முதல் வரிசையில் இடமும் இருந்தால் உள்ளூர்ப் பாடசாலையே போதும்.

எல்லாரையும்விட அதிகமாக ஏமாற்றப்படுவது கற்றல் குறைபாடுடைய பிள்ளை. அவனுக்குக் கண் தெரியும், காது கேட்கும். கடைக்கு அனுப்பினால் வாய்க்கணக்காகச் சில்லறை பிசகாமல் வாங்கி வருவான். ஆனால் ஒரு வரியை வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கள் அவனுக்கு இடம் மாறித் தோன்றும். அவனை உபாத்தியாயர் சோம்பேறி என்கிறார். தகப்பனார் பிரம்பை எடுக்கிறார். பிள்ளை தன்னையே மூடன் என்று நம்பிவிடுகிறான். இக்குறையைச் சீக்கிரமே கண்டுபிடிக்கவேண்டுமென்று 2016-ம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. பரீட்சையில் அதிக நேரமும், சொல்வதை எழுதுவோர் ஒருவரும், இரண்டாவது மூன்றாவது பாஷைப் பாடங்களிலிருந்து விலக்கும் அளிக்க அது இடந்தருகிறது. குறைபாடு 40 சதவீதத்திற்குக் குறைவு என்ற காரணத்தால் மட்டும் எழுதுவோரின் உதவியை மறுக்கலாகாதென்று 2021-ம் வருஷம் பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் இச்சலுகைகளைப் பெற வைத்தியச் சான்றும் முன்கூட்டிய விண்ணப்பமும் தேவை. பத்தாம் வகுப்பு ஆரம்பித்தபின் ஓடுவதைவிட, ஆறாவதில் சேர்க்கும்போதே பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது நலம். விருதுநகரில் 2022-ம் வருஷம் சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டிருப்பதால், முன்போல எல்லாவற்றிற்கும் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை.

அறிவு வளர்ச்சிக் குறைந்த குழந்தைக்கு மார்க்கு ஒன்றே அளவுகோலாகாது. தனியே பஸ் ஏறவும், பணத்தை எண்ணவும், நாலு பேரோடு பழகவும், ஒரு கைத்தொழிலைச் செய்யவும் எந்தப் பாடசாலை கற்பிக்குமோ அதுவே அதற்குச் சிறந்த ஹைஸ்கூல்.

தலைமை உபாத்தியாயரிடம் கேட்கவேண்டியவை

"சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கெஞ்சுவதோடு பெற்றோர் நின்றுவிடலாகாது. அடுத்து ஐந்து கேள்விகளைக் கேட்கவேண்டும். விசேஷ உபாத்தியாயர் வாரத்தில் எத்தனை நாள் இப்பாடசாலைக்கு வருகிறார்? கழிப்பறை எங்கே இருக்கிறது. என் குழந்தை அங்கே தானாகப் போக முடியுமா? இதுபோன்ற குழந்தை இதற்குமுன் இங்கே படித்துப் பத்தாவது முடித்ததுண்டா? பரீட்சைச் சலுகைக்கு விண்ணப்பம் அனுப்பும் பொறுப்பு யாருடையது? மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் வகுப்பு உபாத்தியாயர் என்ன செய்வார்? இவற்றிற்கு நேரான பதில் கிடைக்குமிடம் ஓலைக்கூரையாயினும் நல்ல பாடசாலை. மழுப்பலான பதில் கிடைக்குமிடம் நாலு மாடியாயினும் அன்று.

உபாத்தியாயர்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு, சைகையும் தெரியாமல், பயிற்சியும் இல்லாமல், தனி மனிதர் ஒருவர் என்ன செய்வார் என்று அவர்கள் கேட்பது நியாயமே. அக்குறையைத் தீர்க்கவேண்டியது சர்க்கார். ஆரம்பப் பாடசாலையில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒருவரும், அதற்குமேல் 15 குழந்தைகளுக்கு ஒருவரும் விசேஷ உபாத்தியாயர் வேண்டுமென்று 2021-ம் வருஷம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. நமது ராஜ்யத்திலோ இவ்வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் வட்டார வள மையத்திலிருந்து ஊர் ஊராகச் சுற்றிவரும் தொகுப்பூதியக்காரர்கள். தங்களை நிரந்தரமாக்கவேண்டுமென்று பலமுறை கிளர்ச்சி செய்தவர்கள். அவர்களுக்கு ஊதியமளிக்கும் சமக்ர சிக்ஷா நிதியைப் பற்றி மத்திய சர்க்காருக்கும் தமிழ்நாட்டுச் சர்க்காருக்கும் மூண்ட விவகாரம் 2025-ம் வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. டில்லியின் பக்கம் நியாயமா, சென்னையின் பக்கம் நியாயமா என்பது ஒருபுறம் கிடக்க, இரண்டு யானைகள் பொருதும் இடத்தில் மிதிபடுவது ஆமத்தூர்க் குழந்தையின் சிலேட்டு என்பதை இருதரத்தாரும் நினைவில் வைப்பார்களாக.

வெளிநாடுகள் இவ்விஷயத்தில் நமக்கு முன்னே நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1975-ம் வருஷத்துச் சட்டம், மாற்றுத்திறன் குழந்தை ஒவ்வொன்றிற்கும் பெற்றோரையும் கலந்துகொண்டு தனிக் கல்வித் திட்டம் ஒன்றை எழுத்தில் வகுக்கவேண்டுமென்று விதித்தது. இத்தாலி 1977-ம் வருஷத்திலேயே இக்குழந்தைகளைப் பொது வகுப்புகளில் சேர்க்கும் சட்டம் செய்தது. அவ்வளவு பொருள் நம்மிடம் இல்லை என்பார்கள். இவ்வருஷம் இக்குழந்தை எதைக் கற்கவேண்டும், யார் கற்பிப்பார், எப்போது பார்த்துச் சரிசெய்வது என்று ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுக்க எவ்வளவு பொருள் வேண்டும்?

நமது கடமை

பொருளைப் பற்றிப் பேசுவோர் நம் ஊரின் சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும். 1889-ம் வருஷத்தில், விருதுபட்டி என்று பெயர் வழங்கிய நாளில், கோயில் வாசலும் மறுக்கப்பட்ட ஒரு வியாபார ஜனசமூகம் சர்க்காரை எதிர்பாராமல் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவிற்று. கடைக்காரர் மகமை கொடுத்தார்கள். பெண்கள் உலை வைக்கும்போது பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியில் நடந்த பாடசாலையில் படித்தவர்தான் காமராஜ். பசியால் பாடசாலைக்கு வராதிருந்த ஏழைக் குழந்தைகளைப் பின்னாளில் முதல்மந்திரியாயிருந்து மதிய உணவினால் அழைத்துவந்தவரும் அவரே. பசி என்ற தடையை அந்தத் தலைமுறை நீக்கிற்று. படிக்கட்டு, மௌனம், ஏளனம் என்ற தடைகளை நீக்கும் வேலை நம் தலைமுறைக்கு மிஞ்சியிருக்கிறது.

இது முடியாத காரியமன்று என்பதற்குத் தென்காசியை அடுத்த ஆய்க்குடி சாட்சி. 1975-ம் வருஷம் கடற்படைத் தேர்வின்போது முதுகெலும்பில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஸ்ரீ ராமகிருஷ்ணன் என்ற இளைஞர், 1981-ம் வருஷம் தம் சொந்தக் கிராமத்தில் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். சுற்றுக் கிராமங்களின் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கல்வியும் சிகிச்சையும் பயிற்சியும் அளிக்கும் பெரிய ஸ்தாபனமாக அது வளர்ந்தது. 2020-ம் வருஷத்தில் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஆய்க்குடியும் கிராமந்தான். பட்டாசிலும் அச்சிலும் நாடு முழுவதும் வியாபாரம் செய்யும் நமது ஜில்லாவின் தனவந்தர்கள் மகமையின் ஒரு பங்கை இத்திசையில் திருப்பினால், பாளையங்கோட்டைக்கும் ஆய்க்குடிக்கும் நம் குழந்தைகள் போகவேண்டிய அவசியம் குறையும்.

அரசியல் ஊழியர்கள் செய்யவேண்டியவையும் உண்டு. தேர்தல் சமயத்தில் வீடு வீடாக வாக்காளர் ஜாபிதாவைச் சரிபார்க்கும் ஊழியர்களுக்கு, தங்கள் பஞ்சாயத்தில் எத்தனை மாற்றுத்திறன் குழந்தைகள் எந்தெந்த வகுப்போடு நின்றுவிட்டார்கள் என்ற ஜாபிதா எடுப்பது ஒரு வார வேலை. ஐந்து வருஷத்திற்கொருமுறை பாடசாலைக் குழந்தைகளிடையே இக்கணக்கை எடுக்கவேண்டுமென்றும், முதற் கணக்கைச் சட்டம் அமலான இரண்டு வருஷத்திற்குள் எடுக்கவேண்டுமென்றும் 17-வது பிரிவு விதிக்கிறது. அக்கணக்கு எங்கே என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். நாலில் மூன்று பங்கு பெற்றோரே இருக்கவேண்டிய பள்ளி மேலாண்மைக் குழுவில், மாற்றுத்திறன் குழந்தையின் தாயோ தகப்பனாரோ இடம் பெறும்படி பாருங்கள். சேர்க்க மறுத்த பாடசாலையைப் பற்றி வாய்ப்பேச்சோடு விடாமல் மனு எழுதி, திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுங்கள். அங்கும் பலிக்காவிடில் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகள் கமிஷனருக்கு அனுப்புங்கள். எழுதத் தெரியாத பெற்றோருக்கு அம்மனுவை எழுதிக் கொடுப்பதைவிடச் சிறந்த தேசத்தொண்டு கிராமத்தில் வேறில்லை.

2011-ம் வருஷத்து ஜனக் கணிதத்தில் தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகளின் தொகை 11,79,963. பழைய இழிசொற்களை விட்டு அவர்களுக்கு மரியாதையான பெயர் ஒன்றைச் சூட்டினோம், அது நல்லதே. ஆனால் பெயரைச் சூட்டியவர்கள் பெஞ்சில் இடமும் கொடுக்கவேண்டும். வருகிற ஜூன் மாதத்தில் ஆமத்தூர்த் தகப்பன் ஒருவன் பிள்ளையைக் கைப்பிடித்து ஹைஸ்கூல் வாசலுக்குப் போகும்போது, அவனோடு ஊரார் நாலு பேரும் போகட்டும். அவன் தனியே போனால் பாடசாலையின் தயவைக் கேட்பவன் ஆவான். ஊரோடு போனால் தன் பிள்ளையின் உரிமையைக் கேட்பவன் ஆவான்.